அடித்த கையே தேய்க்க வேண்டும்

தமிழில், அடிபட்ட இடம் கன்றி நீலம் பாரித்துவிட்டால் அதை ரத்தக்கட்டு என்கிறோம். ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ரத்தம் ஓரிடத்தில் கட்டிப்போய்விட்டது என்ற விளக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தென்சீனத்துச் சண்டைக்கலை ஆசான்கள் தலைமுறைகளாகக் கைமாற்றி வந்த மருத்துவமும் இதே விளக்கத்தின்மீதுதான் நிற்கிறது. ‘ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை’ என்பது சீன மருத்துவம் பயில்கிறவர்கள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் வாசகம். பதினேழு வயதில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கான்டோனிய ஆசானிடம் ஹுங் கார் குங்ஃபூ கற்கச் சேர்ந்தபோது இந்த மருத்துவத்தை நான் கேட்டுப் பெறவில்லை. அது பயிற்சியோடு சேர்ந்தே வந்தது. அது இல்லாமல் அந்தக் கலையை எவரும் பாதிக்குமேல் கற்றதாகச் சொல்ல முடியாது என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பயிற்சிக்கூடம் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது. காலையில் கீழ்த்தளத்தில் சிஃபு, ஆசானை அப்படித்தான் அழைப்போம், கால் பிசகியவர்களுக்கும் தோள் இறங்கியவர்களுக்கும் கட்டுப் போடுவார். மாலையில் மாடிக்கு வந்து எங்களுக்கு அடிக்கக் கற்றுத்தருவார். ‘மூன்று நட்சத்திரம்’ என்று பொருள்படும் சாம் சிங் என்ற பயிற்சியில் இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை மூன்று கோணங்களில் மாறிமாறி மோதிக்கொள்ள வேண்டும். நூறு முறை மோதியபின் எலும்பின் ஓரமெல்லாம் கன்றிப்போயிருக்கும். அப்போது அலமாரியிலிருந்து போத்தல் இறங்கும். யாருடைய கை யாரைக் கன்ற வைத்ததோ அந்தக் கைதான் மருந்தைத் தேய்க்க வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் விதி. கோபத்தோடு அடித்தவனுக்கும் அந்த விதியில் விலக்கு இல்லை.

தேய்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பால் கலக்காத தேநீரைவிடக் கறுத்த அந்த நீரை ஒரு காசு அளவுக்கு உள்ளங்கையில் ஊற்றி, இரு கைகளும் சூடேறும்வரை உரசிக்கொள்ள வேண்டும். சாராய நெடி முதலில் எழும். அது அடங்கியபின் சாம்பிராணியும் ஈரமண்ணும் கலந்தாற்போன்ற மணம் வரும். கன்றிய இடத்தின் நடுவில் கைவைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து தொடங்கி, கட்டைவிரலின் சதைப்பகுதியால் வெளிப்புறமாகத் தள்ளித் தள்ளி, தோல் காய்ந்ததும் மறுபடி ஊற்றி, வலி மழுங்க மழுங்கச் சிறிது சிறிதாக நடுப்பகுதியை நெருங்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்துகிறவனின் கையைச் சிஃபு பேசாமல் எடுத்து அப்பால் வைத்துவிடுவார்.

அந்த மருந்தின் பெயர் டிட் டா ஜாவ். டிட் என்றால் விழுதல், டா என்றால் அடி, ஜாவ் என்றால் மது. விழுந்தாலும் அடிபட்டாலும் பூசுகிற மூலிகை மது என்று விரித்துக்கொள்ளலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எலும்பு கட்டுகிறவர்களின் கடைப்பலகைகளில் இன்றும் இந்த ‘டிட் டா’ என்ற சொல்லைப் பார்க்கலாம். இந்த மருத்துவத்தின் வேர் மிகப் பழையது. சீனத்தில் எலும்புமுறிவுக்கென்றே எழுதப்பட்டுக் கிடைத்துள்ள நூல்களில் மூத்தது ஒன்பதாம் நூற்றாண்டில், தாங் மரபினர் ஆட்சியில், ஒரு துறவியால் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. முறிந்த எலும்பை இழுத்துப் பொருத்துவதும், மரப்பட்டையால் சிம்பு வைத்துக் கட்டுவதும், இறங்கிய தோளை நாற்காலியின் முதுகுப்பலகையைத் துணையாகக் கொண்டு ஏற்றுவதும் அதில் இருக்கின்றன. 1742இல் சிங் அரசவை வெளியிட்ட பெரிய மருத்துவத் தொகுப்பு, எலும்பு கட்டுகிறவரின் கைவேலையை எட்டாக வகுத்தது. அந்த எட்டில் முதலாவது, தொட்டுப் பார்த்தல். மருந்துக்கும் கட்டுக்கும் முன்னால் விரல் வந்துவிடுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் என் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

அரசவை நூல் ஒருபுறம் இருக்க, இந்த மருத்துவத்தைத் தெருவில் வாழவைத்தவர்கள் குவாங்டொங் மாகாணத்துச் சண்டைக்கலை ஆசான்கள். சிலம்பமும் வர்மமும் ஒரே ஆசானிடம் இருந்த குமரி மாவட்டத்து மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. குவாங்சோ நகரில் வொங் ஃபெய் ஹுங் நடத்திய போ சி லாம் மருத்துவசாலை இதற்குப் புகழ்பெற்ற சான்று. திரைப்படங்கள் அவரை அடிப்பவராகவே காட்டிக்கொண்டிருக்கின்றன; ஆனால் அவர் ஊரில் அவர் எலும்பு கட்டுகிறவராகவும் அறியப்பட்டவர். 1924இல் வணிகர் படையின் கலகத்தை அரசு அடக்கியபோது மூண்ட தீயில் போ சி லாம் எரிந்துபோனது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் மனைவி மொக் குவாய் லான் பின்னர் ஹாங்காங்கில் கலையையும் மருத்துவத்தையும் சேர்த்தே நடத்தினார். அதே மரபில் வந்து 2012இல் மறைந்த லாம் சோ என்ற ஆசானும் பல பத்தாண்டுகள் அங்கே மாணவரையும் நோயாளியையும் ஒருங்கே பார்த்தவர். மாணவர் தரும் சிறு தொகையில் ஆசானின் குடும்பம் பிழைக்க முடியாது என்பது இந்த இணைப்புக்கு ஒரு காரணம். பயிற்சியில் நாள்தோறும் யாராவது ஒருவர் அடிபட்டுக்கொண்டே இருந்தார் என்பது இன்னொரு காரணம். கைபழக வேறென்ன வேண்டும்?

இனி அந்தப் போத்தலுக்குள் இருப்பவற்றுக்கு வருகிறேன். ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஆனாலும் முதுகெலும்பு பெரும்பாலும் ஒன்றுதான். முதன்முறை சிஃபு என்னைச் சீன மருந்துக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, சுவர் முழுக்க அடுக்கியிருந்த நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகளைத் திறந்து திறந்து கடைக்காரர் எடுத்துப்போட்டவற்றில் பாதியை எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் வாங்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிசின்களில் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ஏறத்தாழ எல்லாப் பட்டியலிலும் இணையாகவே வரும். பூக்களில் முதலிடம் குசும்பாவுக்கு. ரத்தச் சிவப்பாக உடையும் ஒரு பிரம்பின் பிசினை நம் பழைய மருந்துக் கடைகள் காண்டாமிருக ரத்தம் என்ற பெயரில் விற்றன. சுமத்ராவிலிருந்து வரும் அதே பிசின் அங்கும் இருந்தது. நாம் ரேவல்சின்னி என்று வாங்குகிற கிழங்கின் பெயரிலேயே சீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் ஒவ்வொன்றையும் விரல்நீள வெள்ளிக்கோலில் நிறுத்து, பழுப்புத்தாளில் கொட்டிக்கொண்டே போனார்.

இந்தச் சரக்குகளில் சில, சீனாவில் விளைந்தவையே அல்ல. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் அரேபியக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்கக் கொம்பிலிருந்தும் கடல்வழியே போனவை. தென்சீனத்தின் ஃபூஜியன் கரையிலுள்ள குவான்சோ துறைமுகத்தில் 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலில் மிளகோடும் வாசனைக் கட்டைகளோடும் குந்திரிக்கமும், பாதரசச் சரக்கான இலிங்கமும் இருந்தன. 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் அதே ஊரில்தான். நம் வணிகர்கள் அந்த மூட்டைகளில் எதைத் தொட்டார்கள் என்பது என் பேச்சன்று. அந்தக் கப்பலின் சரக்கைப் படித்த பிறகு, சீனக் கடைக்காரர் நிறுத்துத்தந்த பிசினை அயல்நாட்டுப் பொருளாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெரணியின் கிழங்கு. பழுப்பு மயிர் போர்த்து, காய்ந்த விலங்குக்காலைப் போலிருக்கும். அதன் சீனப் பெயருக்கு ‘நொறுங்கிய எலும்பைச் சீராக்குவது’ என்று பொருள். தாங் பேரரசர் ஒருவரே அந்தப் பெயரைச் சூட்டினார் என்று பழைய மருந்து நூல் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்துக் கொல்லிமலைக்குப் போயிருந்தபோது, சாலையோரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கைக் குவித்து வைத்து, மூட்டுவலிக்கு நல்லது என்று சூப் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்ததும் சிஃபுவின் பழுப்புத்தாள் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பெரணிகள். சீனத்தார் பயன்படுத்துவது வேறொரு வகை, அவ்வளவுதான். ஒருவரையொருவர் பாராமலே இரு மலைநாட்டவர் ஒரே கிழங்கை எலும்புக்கு உரியதென்று தேர்ந்தது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் செய்தி.

இவற்றோடு யுன்னானின் சான்சி, சிச்சுவானின் சுவான்சியோங், தாங்குவேய் போன்ற வேர்களும் சேரும். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்து, கண்ணாடி ஜாடியிலோ மெருகிட்ட மண்சாடியிலோ போட்டு, கடுஞ்சாராயத்தை ஊற்றி மூடி, வெயில் படாத இடத்தில் குறைந்தது ஆறு வாரம் வைக்க வேண்டும். சமையலுக்கு வைக்கும் மெலிந்த அரிசி மது இதற்குப் போதாது என்பார் சிஃபு. அதில் நியாயம் இருக்கிறது: பிசின்கள் சாராயத்தில்தான் கரையும், குசும்பாவின் சாயமும் வேர்களின் சாறும் நீரில் இறங்கும், பாதிக்குப் பாதி சாராயமும் நீரும் உள்ள சோள மது இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. எங்கள் கூடத்தில் ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் நிரப்பிய தேதி எழுதிய சிவப்புத்தாள் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை அவற்றைக் குலுக்கிவைப்பது இளைய மாணவரின் வேலை. ஈராண்டுகள் அது என் வேலையாக இருந்தது.

போத்தலை இன்று எவரும் வாங்கிவிடலாம். ஆனால் அதை எப்போது எடுக்கக் கூடாது என்ற அறிவு போத்தலோடு வருவதில்லை. இதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். அடிபட்ட முதல் ஓரிரு நாட்களில் அந்த இடம் சிவந்து, வீங்கி, கொதிக்கும். அந்த நிலையில் லவங்கப்பட்டை போன்ற சூட்டுச் சரக்குகள் மிகுந்த மருந்தைத் தேய்த்தால் வீக்கம் ஏறும். அப்போது வேண்டியது குளிர்ச்சியான பற்று. ரேவல்சின்னியோடு இன்னும் இரண்டு மஞ்சள் சரக்குகளைச் சேர்த்த ‘மூன்று மஞ்சள்’ பொடி ஒன்று. கார்டீனியா என்ற நறுமணப் பூச்செடியின் காய்ந்த காயை அரைத்து, மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் குழைத்துப் போடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது பற்றை அவிழ்க்கும்போது தோல் நீலமாக மாறியிருக்கும். தேங்கிய ரத்தத்தை மருந்து வெளியே இழுத்துவிட்டது என்று கிழவர்கள் சொல்வார்கள். உண்மையில் அந்தக் காயிலுள்ள ஒரு பொருள் தோலின் புரதத்தோடு சேர்ந்து நீலச் சாயமாகிறது. உணவுக்கு நீலம் ஏற்றவும் அதே வேதிவினையைப் பயன்படுத்துகிறார்கள். விளக்கம் பிழையாகிப் போனாலும் பற்றை நான் விடவில்லை, வீக்கம் வற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் பார்த்தது ஆய்வாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூடு தணிந்து, நிறம் பச்சையும் மஞ்சளுமாக மாறத் தொடங்கிய பிறகே ஜாவின் முறை வரும். மாதக்கணக்கில் நின்றுபோய், மழைநாளில் குடையும் பழைய அடிகளுக்கு இன்னும் சூடான மூன்றாவது வகை இருக்கிறது.

பனிக்கட்டி வைப்பதைச் சிஃபு கடுமையாக எதிர்த்தார். குளிர்ந்தால் ரத்தம் உறையும் என்பது அவர் வாதம். பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததோ நேர்மாறானது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற அந்த நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014இல் தாமே அதைத் திருத்தி, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். சீன மருத்துவம் வென்றுவிட்டது என்று இதைக் கொண்டாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். வீக்கமும் குணமாதலின் ஒரு பகுதி என்று இன்று சொல்வதற்கும், தேங்கிய ரத்தத்தை ஓட்ட வேண்டும் என்று அன்று சொன்னதற்கும் இடையே இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளப்பதற்குச் சோதனைகள் தேவை.

இரும்புக்கை பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். பச்சைப்பயறு நிரப்பிய பையில் தொடங்கி, கூழாங்கல், இரும்புக்குண்டு என்று ஏறிப்போகும் இந்த அடிப்பயிற்சியில் அடிப்பதற்கு முன்னும் பின்னும் கைக்கு மருந்து தேய்ப்பது கட்டாயம். மருந்து இல்லையென்றால் அன்று பயிற்சி இல்லை என்பதே பழைய ஒழுங்கு. பயறுப்பையை இணையத்தில் வாங்கிவிட்டு மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயதில் எந்த மருந்தோடும் இதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

என் மணிக்கட்டின் கதை இதுதான். பத்தொன்பது வயதில், பயிற்சியில் பின்புறமாகச் சாய்ந்தபோது கையை ஊன்றி விழுந்தேன். பெரிய வீக்கம் இல்லை. பிசகு என்று நானே முடிவுசெய்து, இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல் ஜாவைத் தேய்த்துவந்தேன். ஒரு மாலை நான் கோலை இடக்கையால் பிடிப்பதைப் பார்த்துவிட்ட சிஃபு என்னை அழைத்து உட்காரவைத்தார். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் இரு தசைநாண்களுக்கிடையே ஒரு சிறு பள்ளம் தெரியும். அங்கே தம் நடுவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். அப்போது அவர் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்ததும் விரலை எடுத்துவிட்டு, “இதற்கு என்னிடம் மருந்து இல்லை, எக்ஸ்ரே எடு” என்றார். படகெலும்பில் கீறல் விட்டிருந்தது. பத்து வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் தலைகீழாக, விரல்பக்கத்திலிருந்து வந்துசேர்வதால் அது தாமதமாகவே கூடும் என்றும், கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதி செத்துப்போகும் என்றும் மருத்துவர் சொன்னபோது, ஓட்டம் என்ற சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்டேன். கட்டை அவிழ்த்தபிறகு விறைத்துப்போயிருந்த மணிக்கட்டைச் சிஃபுவே எடுத்துக்கொண்டு, மூலிகைக் கொதிநீரில் நாள்தோறும் ஊறவைத்து மடக்கிப் பழக்கினார்.

நஞ்சைப் பற்றிச் சொல்லாமல் இந்த மருந்தைப் பற்றி எழுதுவது தவறு. பல பழைய பட்டியல்களில் வச்சநாவி இருக்கிறது. மரத்துப்போகச் செய்து வலியை மறைப்பதால் அதைச் சேர்த்தார்கள். நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் அதன் நஞ்சு பெருமளவு முறியும். சாராயத்தில் வெறுமனே ஊறவைத்தால் முறியாது. அதனால்தான் அது சேர்ந்த ஜாவை ஒரு வாய் குடித்தாலும் இதயம் தாறுமாறாகத் துடித்து உயிர் போகக்கூடும். ஜாவ் என்றால் மது என்று பொருள் என்பதே வீட்டிலுள்ளவர்களை ஏமாற்றிவிடும். என் ஜாடிகளில் ‘பூச மட்டும், குடிக்கக் கூடாது’ என்று தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் எழுதியிருக்கிறேன். தோல் கிழிந்த இடத்தில் பூசக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள், குறிப்பாக வார்ஃபரின் எடுக்கிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதையோ கடைகளில் விற்கும் வலித்தைலங்களையோ தொடக் கூடாது; கர்ப்பிணிகளும் அப்படியே. உள்ளுக்குக் கொடுக்கும் புகழ்பெற்ற காயப்பொடி ஒன்றின் பெயரே ‘ஏழு லி பொடி’. ஏழு லி என்பது கிராமில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காண்டாமிருக ரத்தம், கஸ்தூரி, காசுக்கட்டி, இலிங்கம் எல்லாம் சேர்ந்த அதற்கு அளவையே பெயராக வைத்தவர்களின் அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். இலிங்கம் பாதரசச் சரக்கு. அதை உள்ளுக்கு எடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பழைய பட்டியல்களில் புலியெலும்பும் உண்டு. சீனா 1993இல் அதன் வணிகத்தைத் தடைசெய்தது. அந்த வரியை அடித்துவிட்டு எழுதுவதால் எந்த மரபும் குறைந்துபோகாது.

ஹாங்காங் 1999இல் இயற்றிய சட்டத்தில் எலும்பு கட்டுதலைச் சீன மருத்துவத்தின் தனிப்பிரிவாக ஏற்றுப் பதிவுமுறை கொண்டுவந்தார்கள். மலேசியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் சீன மருத்துவரையும் சித்த மருத்துவரையும் ஒரே ஏட்டின்கீழ் கொண்டுவந்தது. நான் இதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். மருத்துவர் ஓரிடத்திலும் சண்டைக்கலை ஆசான் வேறிடத்திலுமாகப் பிரிந்துபோவார்களே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது. அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர், அடி எப்படிப் பழுக்கிறது, எப்படி ஆறுகிறது என்பதை நாள்தோறும் கையால் தொட்டு அறிந்தவராக இருந்தால்தான் எவ்வளவு அடிக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு நானே பயிற்சி கொடுக்கிறேன். சென்ற வாரம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் முழங்காலுக்குக் கீழே உதைபட்டு நொண்டிக்கொண்டு வந்தான். அலமாரியிலிருந்து ஜாடியை இறக்குவேன் என்று எதிர்பார்த்துக் காலை நீட்டினான். எலும்பின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன், பாரம் தாங்கினான். புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் கொதித்தது. ஜாடியை இறக்கவில்லை. கார்டீனியாப் பொடி டப்பாவை எடுத்துவைத்து, அவனை உதைத்த பையனைக் கூப்பிட்டு மாவும் வெள்ளைக்கருவும் சேர்த்துக் குழைக்கச் சொன்னேன். நாளைக் காலையில் தோல் நீலமாக இருக்கும், பயந்துவிட வேண்டாம் என்று அடிபட்ட பையனின் அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.